பிள்ளை கையால் அடுத்தவருக்குக் காயம்: அன்று ராத்திரியே என்ன செய்ய வேண்டும்

2017 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். "அவுட்டு", "இல்லடா" என்று தினமும் கேட்கிற சண்டைதான். திடீரென்று சத்தம் அடியோடு நின்றது. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், சத்தத்தைவிட அந்த அமைதிக்குத்தான் பயப்பட வேண்டும். மிஷினை விட்டுவிட்டு ஓடினேன்.

என் பையன் கையில் இருந்த ஸ்டம்புக் கட்டையை எறிந்திருக்கிறான். எதிர்வீட்டுப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான், விரல் இடுக்கில் ரத்தம். மேல் முன்பல்லில் பாதி இல்லை. என் பையனுக்கு அப்போது 11 வயது 4 மாதம். அடிபட்டவனுக்குப் 12.

அன்றைக்கு நான் செய்ததில் பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பினால் பட்ட அவஸ்தைக்குப் பிறகுதான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகச் சேர்ந்தேன். இன்றைக்கும் தையல்தான் தொழில். ஆனால் ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து "அக்கா, எம்புள்ள ஒருத்தன அடிச்சிட்டான், இப்ப இன்னா பண்றது" என்று மாதத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

உங்கள் பிள்ளையை அடிக்காதீர்கள். அதற்கு நேரமில்லை. அடிபட்டவரிடம் போங்கள், நீங்களே போங்கள். மாமியாரையோ தம்பியையோ அனுப்பிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் நிறைய. கேஸ் பெரிதாவது அந்தக் கதவிலிருந்துதான்.

பல் உடைந்தால் துண்டைத் தேடுங்கள். நான் செல்போன் வெளிச்சத்தில் சாக்கடை மூடி ஓரமாகத் தேடி எடுத்தேன், அரிசி அளவுகூட இல்லை. அதைப் பால் ஊற்றிய டம்ளரில் போட்டு எடுத்துப் போனேன். காய்ந்துபோகாமல் கொண்டுபோனால் சில சமயம் அதையே ஒட்டிவிட முடியும். பல் வேரோடு விழுந்திருந்தால் இன்னும் அவசரம்: வேர்ப் பக்கம் கை வைக்காமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விட வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்கவும் கழுவவும் விடாமல் நேராக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, கண்ணுக்கென்றே இருப்பது.

நாங்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஆட்டோவில் அந்த அம்மாவும் பையனும் நானும். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன்.

கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது, "எப்படி அடிபட்டது?" சொல்வதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று ஊரெல்லாம் சொல்வது அதன் நகலைத்தான். எந்த இடம், எத்தனை மணி, எதனால் அடி, அடித்தது தெரிந்தவரா தெரியாதவரா என்று எல்லாம் அதில் இருக்கும். அங்கிருந்து போலீசுக்குத் தகவல் போகும். நான் ஆட்டோவிலேயே அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கீழே விழுந்துட்டான்னு சொல்லிடலாம்மா, செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். பதினைந்து வருஷப் பழக்கம். அவர்கள் தலையாட்டினார்கள். ஏ.ஆரில் "விளையாடும்போது தவறி விழுந்ததாக" என்று பதிவானது.

மறுநாள் காலை அந்தப் பையனின் தாய்மாமன் வந்தார். "என் அக்காவ மெரட்டிப் பொய் சொல்ல வெச்சிருக்கீங்க" என்று தெருவில் நின்று கத்திவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனார். அவர் சொன்னதில் முழுக்கப் பொய் என்றும் இல்லை. நான் மிரட்டவில்லை, ஆனால் பொய் என்னுடையதுதானே. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் மேல் கட்டையை எறிந்த விஷயம், ஒரே ராத்திரியில் பெரியவர்கள் மிரட்டி மறைத்த விஷயமாக மாறிவிட்டது. பிள்ளைக்கு வயது என்ற பாதுகாப்பு உண்டு. எனக்கு அது கிடையாது.

அதனால் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "விளையாட்டில் சண்டை, ஸ்டம்பு எறிந்தான், வாயில் பட்டது." அது போதும். ஏ.ஆர். எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

வயதுதான் முதல் கேள்வி

சட்டம் "என்ன செய்தான்" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை வயது" என்று கேட்கும்.

ஏழு வயது ஆகாத பிள்ளை எதைச் செய்தாலும் குற்றமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் 20-ஆம் பிரிவு. ஏழு முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளை என்றால் 21-ஆம் பிரிவு: தான் செய்வது என்ன, அதனால் என்ன ஆகும் என்று எடைபோடும் அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் முதிர்ச்சி இல்லையென்றால் குற்றமில்லை. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி வந்தது. என் பையன் விஷயத்தில் இருந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டம். அதில் இதே விஷயம் 82, 83 என்ற எண்களில் இருந்தது. எண் மாறியது, சாரம் மாறவில்லை.

அந்த முதிர்ச்சி எப்படித் தெரியவரும்? எங்களை வரச்சொன்ன இடத்தில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர், யூனிபார்ம் போடாமல், என் பையனிடம் கேட்டார்: "கட்டைய எறிஞ்சியே, என்ன ஆகும்னு நெனச்சே?" அவன் யோசித்துவிட்டு, "அவன் பயந்து ஓடுவான்னு நெனச்சேன் சார்" என்றான். "பல்லு ஒடையும்னு நெனச்சியா?" "இல்ல சார். கட்டை நேரா போவும்னே தெரியல." நான் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் அவ்வளவு நேராகச் சொல்லியிருக்க மாட்டான். பிள்ளைக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை வக்கீல் மாதிரிப் பேசினால் "இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது" என்றுதான் கேட்கிறவருக்குத் தோன்றும்.

பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டு ஆகாதவர்கள் செய்தது குற்றமாகலாம். ஆனால் அது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் போகும். பெரியவர்கள் போகிற கோர்ட்டு கிடையாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. பதினாறு முடிந்தவர்கள் கொலை மாதிரி, குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருஷமோ அதற்கு மேலோ இருக்கிற கொடுங்குற்றம் செய்ததாகச் சொன்னால், முதலில் ஒரு மதிப்பீடு நடக்கும். அதற்குப் பிறகு பெரியவர்கள் மாதிரி விசாரிக்கலாம் என்று முடிவாகலாம். அப்படிப்பட்ட நிலைமை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே வக்கீலிடம் போங்கள்.

இப்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பீரோவைத் திறந்து பள்ளிச் சான்றிதழையும் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்ம பக்கம் பிள்ளையைச் சீக்கிரம் ஸ்கூலில் சேர்க்க ஒரு வருஷம் கூட்டிச் சொன்னவர்கள் எத்தனை பேர்! வயதைத் தீர்மானிக்கும்போது சட்டம் முதலில் பார்ப்பது பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சிச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அன்றைக்குச் சேர்க்கைக்காகக் கூட்டிய ஒரு வருஷம், பதினேழு வயதுப் பையனைப் பதினெட்டு ஆக்கிப் பெரியவர்கள் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆதாரை மட்டும் காட்டி வயதை நிரூபிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டால்

தாய்மாமன் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்ததற்கான ரசீது, போட்டிருந்தார்கள். போன் வந்தது: "பையனக் கூட்டிக்கிட்டு வாங்க." என் வீட்டுக்காரர் ஹார்பரில் லோடு ஏற்றப் போயிருந்தார். நான் தனியாகத்தான் போனேன், பையனின் ஆயா கூட வந்தார்கள். வாசலில் இருந்த ஒருவர் பையனைப் பார்த்து "உள்ள தள்ளிடுவேன்" என்றார். அவன் அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டான். அவனுடைய நீல நிக்கர் நனைந்து கால் வழியாக இறங்கினது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

பதினெட்டு ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. ஒத்துக்கொள் என்று வற்புறுத்தக் கூடாது. பேசும்போது அம்மாவோ அப்பாவோ கூட இருக்கலாம். எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது. ஒருவேளை பிடித்து வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள், பிள்ளைகள் விஷயத்தை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். இவற்றை எல்லாம் சண்டை போடுகிற குரலில் சொல்ல வேண்டாம். "சார், பையனோட நான் கூடவே இருக்கேன். குழந்தைகள் நலக் காவல் அலுவலரக் கூப்பிடுங்க சார், அவங்ககிட்ட பேசறோம்." இந்த வார்த்தை போதும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். பிள்ளை செய்ததாகச் சொல்லும் குற்றம் கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோதான் எஃப்.ஐ.ஆர். மற்றதெல்லாம் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் குடும்பச் சூழ்நிலை பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டியவை. 2016 மாதிரி விதிகளில் இருக்கிறது. "பெரியவர்களோடு சேர்ந்து" என்ற வார்த்தையை ஞாபகம் வையுங்கள், காற்றாடி விடுகிற மாஞ்சா நூல் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

வக்கீலுக்குக் காசில்லை என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அடியுங்கள், அல்லது நேராக ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பிள்ளையை அடிக்கிறார்கள், ராத்திரி வைத்திருக்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பையனின் போட்டோ வந்துவிட்டதா? பிள்ளையின் பெயர், படம், ஸ்கூல் எதையும் வெளியிடக் கூடாது. அடித்த பிள்ளைக்கும் அடிபட்ட பிள்ளைக்கும் ஒரே பாதுகாப்புதான். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். குரூப் அட்மினுக்கு இதை ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், அழித்துவிடுவார்கள்.

பல் உடைந்தால் கொடுங்காயம்

இது எனக்குத் தெரிந்தபோது கை நடுங்கியது. சட்டத்தில் காயம் வேறு, கொடுங்காயம் வேறு. எலும்பு முறிவது, பல் உடைவது, கண்பார்வையோ காதோ நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாக விகாரமாவது எல்லாம் கொடுங்காயம். பதினைந்து நாள் கடுமையான வலியில் கிடந்தாலும், அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் கிடந்தாலும் அதுவும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது இருபது நாள். அரிசி அளவு பல் துண்டுக்கு இவ்வளவு கனம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நாம பேசி முடிச்சிக்கலாம்" என்று தெருவில் முடிவதற்கும் சட்டப்படி முடிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வேண்டுமென்றே செய்த சாதாரணக் காயமானால் அடிபட்டவர் சமரசம் ஆகலாம். கொடுங்காயமானால் கோர்ட் அனுமதி வேண்டும். அடிபட்டது குழந்தையானால் அவன் சார்பில் அம்மா அப்பா சமரசம் ஆகலாம், அதற்கும் கோர்ட் அனுமதி வேண்டும். வீட்டில் எழுதிய பேப்பர் மட்டும் போலீஸ் விஷயத்தை மூடாது. ஆனால் அந்தப் பேப்பரைக் குழுமத்தில் காட்டினால் அங்கே அதற்கு மதிப்பு இருக்கிறது.

குழுமம் என்று சொன்னால் எங்கே, எப்படி என்று கேட்பீர்கள். சென்னைக்கு கெல்லீஸ் பக்கம். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் உட்காருவார்கள், அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கூண்டு கிடையாது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதியதை அங்கே படிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கேட்டவை: பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், அப்பா குடிப்பாரா, ஸ்கூலில் யாராவது அடிப்பார்களா. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் குடிப்பார், சொன்னேன். அதை வைத்து யாரும் எங்களைக் கீழாகப் பார்க்கவில்லை.

முதல்முறை பிள்ளையை முன்னிறுத்திய நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். சின்னக் குற்றங்களானால், மேலே கொடுக்கிற இரண்டு மாதத்திலும் முடியாவிட்டால் அதோடு தீர்ந்தது. குழுமம் புத்தி சொல்லி அனுப்பலாம், கவுன்சிலிங் போகச் சொல்லலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், அம்மா அப்பாவை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், கடைசியாகச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம், அதுவும் மூன்று வருஷத்துக்கு மேல் கிடையாது. "கவர்மெண்ட் வேலைக்குப் போக முடியாதா அக்கா?" என்று அழுகிறார்கள். போகலாம். இங்கே வந்த முடிவால் பிள்ளைக்குப் பின்னால் எந்தத் தகுதிக் குறைவும் வராது, பதிவையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும். பதினாறு தாண்டிக் கொடுங்குற்றத்தில் பெரியவர்கள் மாதிரி விசாரித்துக் குற்றவாளி என்று முடிவானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

காசு யார் கொடுப்பது

அப்பா, அம்மா என்பதற்காகவே பிள்ளை செய்த காயத்துக்குப் பணம் கட்டும் பொறுப்பு நம் நாட்டில் தானாக வந்துவிடாது. இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போகிறவர்களை உட்காரவைத்து மீதியையும் சொல்வேன். பிள்ளையின் மேலேயே சிவில் கேஸ் போடலாம், அவன் சார்பில் காப்பாளர் ஒருவரைக் கோர்ட்டு வைக்கும். அம்மா அப்பாவின் கவனக்குறைவு தெரிந்தால் அவர்கள் மேலேயே போடலாம். ஆபத்தான பொருளைக் கைக்கு எட்டுகிற இடத்தில் விட்டது, வாங்கிக் கொடுத்தது, தெரிந்தும் தடுக்காதது எல்லாம் நம் தப்பு. பிள்ளை தப்பு அல்ல.

பிள்ளையின் கவனக்குறைவைப் பெரியவர்களின் அளவுகோலால் அளக்க முடியாது என்பதற்கு ஒரு கேஸை எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டு வயதுப் பையன் கூர்மையான கம்பித் துண்டு ஒன்றை மரக்கம்பத்தில் குத்துகிற மாதிரி எறிந்தான். அது தவறிப்போய் ஒரு சிறுமியின் கண்ணில் பட்டது, பார்வை போனது. 1966-ல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், அந்த வயதுப் பையனிடம் எதிர்பார்க்கக்கூடிய கவனம் அவ்வளவுதான் என்று அவனைப் பொறுப்பாக்கவில்லை. என் மனசு இதில் ஒட்டவில்லை. அந்தச் சிறுமியின் கண்? சட்டப்படி பொறுப்பு இல்லை என்பது ஒரு கணக்கு, எதிர்வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பது இன்னொரு கணக்கு. நான் இரண்டாவதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

நாங்கள் செய்தது இது. தாய்மாமன் கோபம் கொஞ்சம் ஆறியதும், அவரிடம் "பொய் சொல்லச் சொன்னது நான்தாண்ணே" என்று நேராகச் சொன்னேன். அப்புறம்தான் உட்கார்ந்து பேச முடிந்தது. பேப்பரில் எழுதினோம். அப்படி எழுதும்போது பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. தேதி, இடம், எப்படி அடிபட்டது என்று உள்ளபடி எழுதுங்கள். இதுவரை ஆன செலவு, கொடுத்த தொகை, யார் கையில் கொடுத்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடட்டும். பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். பதினெட்டு ஆகாதவர் செய்கிற ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே தீர்ப்பாகிவிட்டது. "இனிமேல் செய்ய மாட்டேன், செய்தால் ஐம்பதாயிரம் தருகிறேன்" என்று பிள்ளையிடம் எழுதி வாங்குகிற பஞ்சாயத்துகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தால் பயமுறுத்தலாம், வேறொன்றுக்கும் ஆகாது.

பிறகு, வரப்போகிற செலவு. இதை எங்களுக்குச் சொன்னவர் பல் டாக்டர்தான். உடைந்த துண்டை ஒட்டினார், அது தற்காலிகம். தாடை வளர்ந்து முடிந்த பிறகுதான் நிலையான கேப் போட முடியும், பதினெட்டு வாக்கில் பாருங்கள் என்றார். அதனால் பேப்பரில் "பையனுக்கு 18 வயது ஆனதும் நிலையான பல் சிகிச்சைக்கான பில் தொகையை நாங்கள் தருகிறோம்" என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியைப் பார்த்துத்தான் எதிர்வீட்டு அம்மா அன்றைக்கு அழுதார்கள்.

வண்டிச் சாவி, மாஞ்சா நூல்

ஸ்டம்பு, கல், பந்து எல்லாம் பிள்ளை கையில் இருப்பவை. இந்த இரண்டும் நம் கையிலிருந்து போகிறவை. சட்டமும் இதில் நம்மைத்தான் முதலில் பிடிக்கும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்கு நடுவில் பதினைந்து வயதுப் பையன் அப்பாவின் ஸ்கூட்டரில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறான். தினமும் பார்க்கிறோம். அவன் யாரையாவது இடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு வரும், 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. காப்பாளரோ வண்டி ஓனரோ குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டான்" என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சாவி டிவி மேல் ஆணியில் தொங்கினது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் எப்படி நிரூபிப்பீர்கள்?

இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய கேஸ்களில் கம்பெனி அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் ஓனரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவு போடும். லட்சக்கணக்கில் வரும். மறுபக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போடுங்கள். சென்னையில் அது ஹைகோர்ட் வளாகத்தில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். சாவியைப் பூட்டி வையுங்கள், இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மாஞ்சா பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் பைக்கின் முன்பக்கம் உட்கார்ந்து போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை அறுத்தது அந்த நூல். அந்த இடத்திலிருந்து எங்கள் வீடு நடந்துபோகிற தூரம். மறுநாள் எங்கள் மாடிகளில் ஒரு காற்றாடியும் இல்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி பறந்தது. கண்ணாடித் தூள் கலந்த நூலும் நைலான் நூலும் தடை செய்யப்பட்டவை. நைலான் மாஞ்சாவுக்கு 2017-லேயே பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது. பத்து வயதுப் பையனுக்கு அந்த நூல் எங்கிருந்து வந்தது? சித்தப்பா வாங்கிக் கொடுத்திருப்பார், பக்கத்து மாடி அண்ணன் லோட்டாயில், அதாவது நூல் சுற்றுகிற உருளையில், சுற்றிக் கொடுத்திருப்பான். இப்போது "பெரியவர்களோடு சேர்ந்து" என்று முன்னே சொன்னதற்கு வாருங்கள். பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து விட்ட காற்றாடியால் ஒருவர் கழுத்து அறுபட்டால் எஃப்.ஐ.ஆருக்கு இருந்த தடை போய்விடுகிறது. சித்தப்பா பெரியவர்கள் கோர்ட்டிலும் பிள்ளை குழுமத்திலும் நிற்பார்கள். பரணைப் பாருங்கள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாருங்கள். கையால் இழுத்துப் பார்த்து அறுக்கிற நூலானால் கொளுத்தாதீர்கள், நைலான் புகை கெடுதல். துண்டு துண்டாக வெட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். காகம், புறா காலில் சுற்றாமல் இருக்கத்தான் வெட்டச் சொல்கிறேன்.

பிள்ளையிடம்

எங்கள் விஷயம் குழுமம் வரை போய், வயதையும் அவன் சொன்ன பதிலையும் பார்த்து, புத்தி சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. பல் டாக்டரிடம் எதிர்வீட்டுப் பையன் போன ஒவ்வொரு முறையும் என் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன், அவர்கள் சம்மதித்த பிறகு. மொத்தம் நாலு தடவை. ஊசி போடும்போது வெளியே பெஞ்சில் உட்காருவான். இரண்டாவது தடவை அவனே போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தான். மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவே இல்லை. எப்போது கேட்டான் என்பதும் எனக்குத் தெரியாது.

2023 டிசம்பரில் ஒருநாள் எதிர்வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். மீசை வந்திருந்தது. கையில் கேப் போட்ட பில், 6,500 ரூபாய். "அம்மா குடுக்க வேணாம்னுதான் சொன்னாங்க ஆன்ட்டி" என்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பீரோவிலிருந்து அந்தப் பழைய பேப்பரை எடுத்தேன். தொகையையும் தேதியையும் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். சிரித்தபோது எந்தப் பல் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.